நெல்லுக்குச் சட்டம் உண்டு, கல்லுக்கு?

தஞ்சாவூர் ஆற்றுப் பாசனச் சீமையில் கல் கிடையாது.

வயலைத் தோண்டினால் வண்டல் வரும். இன்னும் தோண்டினால் மணல் வரும். அதற்கும் கீழே தண்ணீர் வரும். பாறை மட்டும் வராது. வல்லம் மேட்டுப் பக்கம் செம்புறைக்கல் உண்டு. அதைத் தள்ளிவிட்டால், கடற்கரை வரையில் எல்லாம் மண்தான்.

ராஜராஜ சோழன் பெரிய கோவிலைக் கட்டி முடித்தது கி.பி. 1010-ல். அவ்வளவு பெரிய கோவிலுக்கு வேண்டிய கருங்கல் முழுவதும் வெளியிலிருந்துதான் வந்தது.

ஆகையால் தஞ்சாவூர்க்காரர்களுக்கு மண்ணைத் தெரியும். தண்ணீரைத் தெரியும். கல்லைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய அவசியம் அவர்களுக்கு வந்ததில்லை.

ஆனால் அவர்கள் கவலைப்பட வேண்டிய கல் ஒன்று இருக்கிறது. அது தூரத்திலும் இல்லை. கொள்ளிடத்துக்கு அக்கரையில் இருக்கிறது!

மழை வெட்டிய பள்ளத்தாக்கு

பெரம்பலூர் நகருக்குத் தெற்கே, ஆலத்தூர் வட்டத்தில், காரை என்று ஓர் ஊர். பக்கத்தில் கொளக்காநத்தம். தஞ்சாவூரிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் 50 கிலோ மீட்டர்கூட இல்லை. திருச்சியிலிருந்தும் ஏறக்குறைய அதே தூரம்தான்.

இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில் பூமி பிளந்து கிடக்கிறது. மேட்டிலிருந்து பார்த்தால் நூற்றுக்கணக்கான ஓடைகள். ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் பள்ளங்கள். நடுநடுவே கூம்பு கூம்பாக மண்மேடுகள். மரம் இல்லை. நிழல் இல்லை. மஞ்சளும் பழுப்பும் சாம்பல் நிறமுமாக வெறும் களிமண்.

அந்த மண்ணுக்குள்ளே வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன. வெயில் பட்டால் கண்ணாடித் துண்டு போல் பளபளக்கும். அது ஜிப்சம். சிமெண்ட்டில் கலக்கும் அதே ஜிப்சம்தான்.

அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் என்ற புகழ் பெற்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. நீளம் 446 கிலோ மீட்டர். ஆழம் ஒன்றரைக் கிலோ மீட்டருக்கும் மேல். கொலராடோ என்ற ஆறு அதை வெட்டியது. காரையைப் பார்க்கப் போகிறவர்கள் இதையும் "தமிழ்நாட்டுக் கிராண்ட் கேன்யன்" என்று சொல்கிறார்கள்.

அளவில் அதற்கும் இதற்கும் ஒப்பே இல்லை. அது யானை என்றால் இது எறும்பு. பிறந்த விதமும் வேறு. காரையை எந்த ஆறும் வெட்டவில்லை. மழைதான் வெட்டியது.

அங்குள்ள களிமண் நனைந்தால் உப்பும். காய்ந்தால் வெடிக்கும். வெடிப்பில் மழைநீர் இறங்கும். மண்ணைக் கரைத்துக் கொண்டு ஓடும். செடிகொடி வேர் பிடிக்க நேரமில்லை. இப்படி ஆண்டுக்கு ஆண்டு பள்ளம் ஆழமாகிறது.

பள்ளம் ஆழமாக ஆக, உள்ளே புதைந்து கிடந்தவை வெளியே வருகின்றன. அதில்தான் இருக்கிறது விஷயம்!

இங்கே கடல் இருந்தது

வெளியே வருவது புதையல் அல்ல. பானை ஓடும் அல்ல. சங்கு, சிப்பி, சுறாமீன் பல்!

கடற்கரை கிழக்கே எத்தனையோ தூரத்தில் இருக்கிறது. சுறாவின் பல் பெரம்பலூருக்கு எப்படி வந்தது?

கடல்தான் அங்கே வந்தது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்த இடம் கடலுக்கு அடியில் இருந்தது.

அப்போது மனிதன் இல்லை. இமயமலை இல்லை. இந்தியா ஆசியாவோடு ஒட்டவும் இல்லை. பூமத்திய ரேகைக்குத் தெற்கே, கடல் சூழ்ந்து, மெதுவாக வடக்கு நோக்கி நகர்ந்து கொண்டிருந்தது. அதற்கு முன்னரே அண்டார்ட்டிக்காவிலிருந்து இந்தியா பிரிந்துவிட்டது. பிரிந்தபோது உண்டான விளிம்புதான் இன்றைய கிழக்குக் கடற்கரை. பிரிந்த இடம் தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் கடல் புகுந்தது.

கடல் உடனே போய்விடவில்லை. முன்னே வந்தது. பின்னே போனது. மறுபடி வந்தது. இப்படிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் நடந்தன. ஒவ்வொரு முறையும் சேறும் மணலும் சிப்பியும் படிந்தன. படிந்தவை இறுகிக் கல்லாயின.

இந்தக் கதையை முதலில் படித்தவர்கள் வெள்ளைக்காரர்கள். 1840-களில் சென்னை அரசாங்கத்தில் வேலை பார்த்த கே, கன்லிஃப் என்ற இருவர் இந்தப் பகுதிக் கற்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். பிறகு பிளான்ஃபோர்டு என்பவர் இந்தச் சீமையை நடந்து அளந்து 1862-ல் நூல் வெளியிட்டார். அடுக்கடுக்காக இருந்த கற்களுக்கு மூன்று பெயர்கள் வைத்தார். ஊட்டத்தூர் அடுக்கு. திருச்சிராப்பள்ளி அடுக்கு. அரியலூர் அடுக்கு.

இந்தப் பெயர்கள் இன்றைக்கும் உலகம் முழுவதும் புவியியல் புத்தகங்களில் இருக்கின்றன. ஊட்டத்தூர் என்பது பாடாலூருக்குப் பக்கத்தில் உள்ள சின்ன ஊர். அங்குள்ள சிவன் கோவிலைப் பக்தர்கள் அறிவார்கள். ஆனால் அந்த ஊரின் பெயரை அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் மாணவர்கள் படிக்கிறார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தக் கற்களில் இருந்த உயிர்களை ஒவ்வொன்றாக விவரித்து எழுதியவர் ஸ்டோலிச்கா. ஐரோப்பாவில் செக் நாட்டுப் பகுதியில் பிறந்தவர். சுமார் பத்து ஆண்டுகள் அதே வேலையாக இருந்தார். 1874-ல் இமயத்துக்கு அப்பால் ஆராய்ச்சிக்குப் போய்த் திரும்பும் வழியில் உயிர் விட்டார். வயது 36. லடாக்கில் லே நகரில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.

பூஜை அறையில் இருக்கும் கல்

காரையில் கிடைக்கும் பொருள்களில் எல்லாரும் தேடுவது ஒன்று. ஆட்டுக்கடாவின் கொம்பு போல் சுருண்ட கல். அதற்கு அம்மோனைட் என்று பெயர்.

பெயர் புதிது. பொருள் புதிதல்ல. பல வீடுகளில் பூஜை அறையில் சாளக்கிராமம் இருக்கும். நேபாளத்தில் கண்டகி நதியில் கிடைப்பது. அதன் உள்ளே சக்கரம் போல் ஒரு சுருள் தெரியும். அந்தச் சுருளும் அம்மோனைட்தான்! அது காரைக் கல்லைவிடப் பழையது. அதுவும் ஒரு காலத்தில் கடலில் நீந்திய உயிரின் கூடு.

அம்மோனைட் பார்க்க நத்தை போல் இருக்கும். உண்மையில் அது கணவாய் இனத்துக்கு உறவு. நாகப்பட்டினம் மீன் கடையில் கூடையில் கிடக்கிறதே, அந்தக் கணவாயின் பழைய சொந்தக்காரன். இன்னொரு உறவு பெலம்னைட். துப்பாக்கித் தோட்டா போல் நீளமாக, ஒரு முனை கூர்மையாக இருக்கும்.

இவை இரண்டும் இன்று உலகத்தில் உயிரோடு இல்லை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் ஒன்று பூமியில் மோதியது. அந்தக் காலத்தில் டைனோசர்கள் அழிந்தன. அம்மோனைட்களும் அழிந்தன. மிஞ்சியவை கற்கள்தான்.

பெரம்பலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இந்த அம்மோனைட்களுக்கென்றே ஒரு காட்சி மையம் அமைத்திருக்கிறார்கள். அரியலூருக்கு அருகே வாரணவாசியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டும் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்ட வேண்டிய இடங்கள்.

தஞ்சாவூர்க்காரர் கண்ட மரம்

காரை இருக்கும் அதே வட்டாரத்தில் சாத்தனூர். அங்கே ஒரு மரம் படுத்திருக்கிறது. நீளம் 18 மீட்டர். தட்டினால் கல்! சுமார் 12 கோடி ஆண்டுகள் பழமையானது என்பது புவியியல் துறையின் கணக்கு.

ஆற்றோடு அடித்து வரப்பட்ட மரம் அன்றைய கடல் சேற்றில் புதைந்தது. மரத்தின் நாருக்குள் சிலிக்கா என்ற மணற்சத்து புகுந்தது. மரம் போய், மரத்தின் வடிவத்திலேயே கல் நின்றுவிட்டது.

இதை 1940-ல் கண்டு உலகுக்குச் சொன்னவர் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன். தஞ்சாவூர் மாவட்டம் மகாராஜபுரத்தில் 1898-ல் பிறந்தவர். கல்லே இல்லாத சீமையில் பிறந்தவர் இந்தியாவின் கற்களை எல்லாம் படித்தார்! 1943-ல் அவர் எழுதிய இந்திய, பர்மா புவியியல் நூலைத்தான் இந்திய மாணவர்கள் பல தலைமுறைகளாகப் படித்தார்கள். 1851-ல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு 1951-ல் அவர் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

சாத்தனூர் மரம் இன்றும் பத்திரமாக இருக்கிறது. காரணம் என்ன? அதைச் சுற்றி வேலி இருக்கிறது. பார்த்துக் கொள்ள ஆள் இருக்கிறது. தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் என்ற பலகை இருக்கிறது.

காரைப் பள்ளத்தாக்கின் பெயரும் புவியியல் துறையின் பட்டியலில் உண்டு. ஆனால் பட்டியலில் பெயர் இருப்பது மரியாதை. அது காவல் ஆகாது.

வயலுக்கு அடியில் என்ன?

"அக்கரைக் கல் எப்படிப் போனால் தஞ்சாவூருக்கு என்ன?" என்று கேட்கலாம்.

காரையில் வெளியே தெரியும் கடற்படிவம் அங்கேயே முடிந்து விடவில்லை. கிழக்கே போகப் போகச் சரிந்து பூமிக்குள் இறங்குகிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வயல்களுக்கு அடியில் அந்தப் பழைய கடலும், அதற்குப் பின் வந்த கடல்களும் விட்டுச் சென்ற படிவங்கள் கிலோ மீட்டர் கணக்கில் அடுக்கி இருக்கின்றன. அவற்றின்மேல் காவிரி கொண்டு வந்து போர்த்திய மெல்லிய போர்வைதான் வண்டல். அந்தப் போர்வையில்தான் குறுவையும் சம்பாவும் தாளடியும் விளைகின்றன.

காவிரி ஒகேனக்கல்லில் பாறையைப் பிளந்து கொண்டு வருகிறது. தஞ்சாவூரில் மண்ணைப் பரப்புகிறது. மேலே வெட்டிய ஆறு கீழே கொட்டுகிறது. ஆனால் அதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதை மண் சொல்லாது. கொள்ளிடத்துக்கு அக்கரையில் உள்ள கல்தான் சொல்லும்.

இது வெறும் பழங்கதை அல்ல. வயலுக்கு அடியில் உள்ள அந்தப் படிவங்களில்தான் எண்ணெயும் எரிவாயுவும் இருக்கின்றன. நரிமணத்தில் எண்ணெய் எடுத்தது அதனால்தான். மீத்தேன் திட்டம், ஹைட்ரோகார்பன் திட்டம் என்றெல்லாம் பேச்சு வந்ததும் அதனால்தான். 2017-ல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் ஊரே திரண்டு தெருவில் உட்கார்ந்ததும் அதனால்தான்.

பூமிக்கு அடியில் இருப்பது என்ன, அதை எடுத்தால் மேலே இருப்பது என்ன ஆகும் என்ற கேள்வி டெல்டாவில் ஒவ்வொரு குடும்பத்தின் கேள்வி. அதற்கு விடை தேடும் மாணவன் முதலில் படிக்க வேண்டிய பாடப் புத்தகம் காரையில் திறந்து கிடக்கிறது. டெல்டாவில் ஆழ்துளைக் கிணறு போட்டுத்தான் காண முடிகிற அடுக்கை, அங்கே நடந்து போய்க் கையால் தொடலாம்.

நெல்லுக்கு வாய் உண்டு

டெல்டா மக்கள் பேசினார்கள். அரசாங்கம் கேட்டது.

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டசபை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில ஒன்றியங்களும் அதில் சேர்ந்தன. புதிதாக எண்ணெய், எரிவாயுத் துரப்பணம் கூடாது என்றது சட்டம்.

2023-ல் இன்னொரு சோதனை வந்தது. தஞ்சாவூர் மாவட்டத்தில் வடசேரி, அரியலூர் மாவட்டத்தில் மைக்கேல்பட்டி, கடலூர் மாவட்டத்தில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதி. இவற்றை நிலக்கரி ஏலப் பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. எதிர்ப்புக் கிளம்பியது. சட்டசபையிலும் கண்டனக் குரல் எழுந்தது. அதே ஏப்ரல் மாதம் மூன்று இடங்களும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

வயலைக் காக்க வேண்டும் என்றால் ஊர் கூடும். கட்சிகள் கூடும். அது நியாயம். சோறு போடும் பூமி அது.

ஆனால் கல் சோறு போடுவதில்லை. கல்லுக்காக யாரும் தெருவில் உட்காருவதில்லை. 2020 சட்டத்தில் அரியலூர் மாவட்டமும் திருச்சி மாவட்டமும் சேரவில்லை. சேர்ந்திருந்தாலும் அது வேளாண்மைச் சட்டம். விளையாத களிமண் மேட்டை அது காக்காது.

நொறுங்கிப் போன எலும்பு

காக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி வெளியே தேட வேண்டாம். அரியலூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கல்லமேடு என்பது ஒரு கிராமம். அங்கே புவியியல் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி என்ற இரு அறிஞர்கள் பிரம்மாண்டமான எலும்புகளைக் கண்டார்கள். 1987-ல் அதைப் பற்றி எழுதினார்கள். ஒரு கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம்! ஓர் ஆள் உயரத்துக்கும் மேல். அந்தப் பிராணிக்கு "புருகத்காயோசாரஸ்" என்று பெயர் வைத்தார்கள். பெருத்த உடலை உடைய பல்லி என்று அர்த்தம்.

அளவு சரி என்றால், உலகத்தில் இதுவரை கண்ட டைனோசர்களில் மிகப் பெரியவற்றில் அதுவும் ஒன்று. கொள்ளிடத்துக்கு அக்கரையில் அந்த மாமிருகம் நடமாடியது!

ஆனால் அந்த எலும்பு இன்றைக்கு இல்லை.

களிமண்ணில் கிடந்த எலும்பு உதிர்ந்து போகும் நிலையில் இருந்தது. மழை ஈரம் சேர்ந்தது. எலும்பு நொறுங்கி மாவாகிவிட்டது. மிஞ்சியவை சில வரைபடங்களும் பழைய புகைப்படங்களும். அந்தப் புகைப்படங்களும் 2022-ல்தான் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்தன.

அது எலும்பா, கல்லாய்ப் போன மரத்துண்டா என்றுகூட வெளிநாட்டில் சிலர் சந்தேகம் கிளப்பினார்கள். அவர்களுக்கு எடுத்துக் காட்ட அரியலூரிடம் எதுவும் இல்லை. பொருள் இருந்தால் வழக்கு ஒரே நாளில் தீரும். பொருள் இல்லை. வழக்கு எந்நாளும் தீராது.

சிலைக்கு உள்ள காவல்

தஞ்சாவூர்ச் சீமைக்குத் திருட்டின் வலி தெரியும். பத்தூர் நடராஜர் சிலை 1976-ல் மண்ணிலிருந்து கிடைத்தது. கிடைத்த கையோடு கடல் கடந்து லண்டன் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாடு அரசு அங்கே வழக்காடி வென்றது. 1991-ல் நடராஜர் திரும்பி வந்தார்.

வழக்காட முடிந்ததற்குக் காரணம் உண்டு. சிலை எங்கள் ஊருடையது என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். கடத்துவது குற்றம் என்று சொல்லச் சட்டம் இருந்தது. தொல்பொருள் சட்டம் 1972-ல் வந்தது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலையை அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பினால் தண்டனை.

நூறு ஆண்டுச் சிலைக்குச் சட்டம் இருக்கிறது. பத்துக் கோடி ஆண்டுக் கல்லுக்கு?

அதற்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இருந்ததில்லை. 2022 டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம் ஒரு வரைவு மசோதாவை மக்கள் கருத்துக்காக வெளியிட்டது. இத்தகைய இடங்களைக் காப்பதும், சேதம் செய்வோரைத் தண்டிப்பதும் அதன் நோக்கம். 2024 முடியும் வரையிலும் அது சட்டமாகவில்லை.

இதற்கிடையில் காரைக்குப் போகிறவர்கள் சும்மா திரும்புவதில்லை. ஆளுக்கு ஒரு சுருள் கல்லைச் சட்டைப் பையில் போட்டுக் கொள்கிறார்கள். "ஒன்றுதானே!" என்கிறார்கள். ஆயிரம் பேருக்கு ஆயிரம் ஒன்று.

வீட்டுக்கு வந்த கல் என்ன ஆகிறது? சில நாள் அலமாரியில் இருக்கும். பிறகு குழந்தை விளையாடும். பிறகு குப்பைக்குப் போகும். எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்று எழுதி வைக்காத கல், விலாசம் கிழிந்த கடிதம். யாருக்கும் பயனில்லை.

சிமெண்ட்டும் வேண்டும்

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

அரியலூர் இன்று சிமெண்ட் நாடு. பழைய கடலில் வாழ்ந்த சிப்பியும் பவளமும்தான் இன்றைய சுண்ணாம்புக்கல். கல்லக்குடியில் 1939-ல் டால்மியாபுரம் சிமெண்ட் ஆலை வந்தது. 1953-ல் அந்த ஊரின் பெயருக்காக நடந்த போராட்டம் தமிழ்நாட்டு அரசியலில் ஒரு மைல்கல். அங்கே வெட்டுவது பவளப்பாறை. கலியுக வரதராஜப் பெருமாள் குடிகொண்ட கல்லங்குறிச்சியில் அடுக்கடுக்காகச் சிப்பி. வீடு கட்டுகிறவன் சுவரில் பூசுவது பழைய கடலைத்தான்!

ஆலைகளால் வேலை கிடைத்தது. சுரங்கம் வெட்டியதால் விஞ்ஞானிகளுக்கும் லாபம் உண்டு. பூமிக்குள் மறைந்திருந்த அடுக்குகள் சுரங்கச் சுவரில் தெரிந்தன. ஆனால் அதே சுரங்கம் மறு மாதம் அந்தச் சுவரை இடித்து அரைவைக்கு அனுப்பிவிடும். திறக்கிற கையே மூடுகிறது.

சுரங்கத்தை மூடு என்று யாரும் சொல்லப் போவதில்லை. எல்லா மேட்டுக்கும் வேலி போடவும் முடியாது. எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்று கோடு போட வேண்டும். அதுதான் கேள்வி.

பிறர் செய்தது என்ன?

அமெரிக்காவில் 1908-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கிராண்ட் கேன்யனைத் தேசியச் சின்னமாக அறிவித்தார். 1919-ல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. இன்று ஆண்டுக்கு 40 லட்சத்துக்கு மேற்பட்டோர் போகிறார்கள். ஒரு கல்லை எடுத்தாலும் அங்கே குற்றம்.

அமெரிக்கா பணக்கார நாடு என்று தள்ளிவிட வேண்டாம். மலேசியாவில் லங்காவி தீவு இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் தமிழர்களும் அதை அறிவார்கள். 2007-ல் அது உலகப் புவிப் பூங்கா என்ற பெயர் பெற்றது. தென்கிழக்கு ஆசியாவிலேயே முதலாவது அதுதான். பாறையைக் காட்டுவது அங்கே தொழில் ஆகிவிட்டது. படகுக்காரருக்கும் சோறு, பாறைக்கும் காவல்.

யுனெஸ்கோ 2015-லிருந்து இந்தப் பூங்காக்களுக்குத் தன் முத்திரையைத் தருகிறது. 2025-ல் 50 நாடுகளில் 229 பூங்காக்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. இந்தியாவிலிருந்து ஒன்றுகூட இல்லை!

கல் இல்லாமல் அல்ல. காவல் இல்லாமல்தான். சட்டமும் நிர்வாகமும் ஒழுங்காக இருந்தால்தான் யுனெஸ்கோ திரும்பிப் பார்க்கும்.

செய்ய வேண்டியது

பெரிய பணம் தேவையில்லை. நான்கு காரியங்கள் போதும்.

முதலாவது, காரைப் பள்ளத்தாக்கில் முக்கியமான பகுதியை அளந்து எல்லைக்கல் நட வேண்டும். அதற்குள் வண்டி போகக் கூடாது. நடைபாதை மட்டும் வேண்டும். சாத்தனூர் மரத்துக்கு முடிந்தது இதற்கும் முடியும்.

இரண்டாவது, காவலை உள்ளூர் இளைஞர்களுக்கே கொடுக்க வேண்டும். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டி ஆக்கலாம். கல்லை விற்றால் ஒரு நாள் காசு. கல்லைக் காட்டினால் ஆண்டு முழுவதும் காசு. இது புரிந்துவிட்டால் ஊரே காவல் நிற்கும்.

மூன்றாவது, சுரங்கத்தில் எலும்போ, மரமோ, அபூர்வமான சிப்பியோ தென்பட்டால் வேலையை நிறுத்தித் தெரிவிக்க வேண்டும் என்பது குத்தகை நிபந்தனை ஆக வேண்டும்.

நான்காவது, வரைவாகக் கிடக்கும் மசோதா சட்டமாக வேண்டும். டெல்டாவின் எம்.பி.க்கள் வயலுக்காகக் குரல் கொடுத்தவர்கள். வயலின் பிறப்புச் சான்றிதழுக்காகவும் ஒரு வார்த்தை பேசலாம்.

மழை நிற்காது. ஒவ்வோர் ஐப்பசியிலும் காரையில் புதுக் கல் வெளியே வரும். ஒவ்வொரு கார்த்திகையிலும் பழைய கல் அடித்துப் போகும். கல்லமேட்டு எலும்பு ஒரு தடவைதான் வெளியே வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை.

போகிறவர்கள் கவனத்துக்கு

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு, திருமானூர், கீழப்பழுவூர் வழியாக அரியலூர் போகலாம். "பொன்னியின் செல்வன்" கதையில் வரும் பழுவேட்டரையர்களின் ஊர் வழியில்தான் இருக்கிறது. வாரணவாசி அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டால், பள்ளத்தாக்கில் கண்ணில் படுவது என்ன என்று பிள்ளைகளுக்குப் புரியும். பிறகு சாத்தனூர் கல்மரம். கடைசியாகக் காரை.

மார்கழி, தை மாதங்கள் நல்லவை. கோடையில் நிழலே கிடையாது. தண்ணீர் கொண்டு போக வேண்டும். மழை பெய்த மறுநாள் களிமண் வழுக்கும். ஓடைக் கரையின் ஓரத்தில் குழந்தைகளை விடக்கூடாது. சரியும்.

சுருள் கல் கண்ணில் பட்டால் குனிந்து பார்க்கலாம். தொடலாம். படம் எடுக்கலாம். பிள்ளைக்கு அதன் கதையைச் சொல்லலாம். எடுக்கக் கூடாது. அபூர்வமாகத் தெரிந்தால் இடத்தைக் குறித்து அருங்காட்சியகத்தில் சொல்லலாம்.

பத்துக் கோடி ஆண்டுகள் அங்கே கிடந்த கல் அது. அடுத்து வருகிற பிள்ளைக்கும் அங்கேயே கிடக்கட்டும்.